நேபாளத்துக்கு வாலிபர் ஊழியப் பயணம்: விசா வேண்டாம், வேறு என்னவெல்லாம் வேண்டும்?

கேள்வி: எங்கள் சபை திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. வாலிபர் ஐக்கியத்திலிருந்து 16 முதல் 25 வயது வரையுள்ள 14 பேர் மே விடுமுறையில் பத்து நாள் நேபாளம் போக ஆசைப்படுகிறோம். சித்வன் மாவட்டத்தில் உள்ள ஒரு சபையின் போதகர் வரச் சொல்லியிருக்கிறார். காலையில் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), மாலையில் வீடு சந்திப்பும் கைப்பிரதி ஊழியமும், ஒரு நாள் மருத்துவ முகாம் என்று திட்டம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்கிறார்கள். வேறு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பதில்: விசா பற்றி நீங்கள் கேட்டது சரிதான். 1950 ஒப்பந்தத்தின்படி இந்தியர்கள் விசா இல்லாமல் நேபாளம் போய்வரலாம். ஆனால் உங்கள் திட்டத்தில் உள்ள மூன்று வேலைகள் அந்த நாட்டுச் சட்டத்தோடு மோதக்கூடியவை. டிக்கெட் போடுவதற்கு முன் அவற்றைப் பேசி முடியுங்கள்.

நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு தன் மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. அதே 26ஆம் பிரிவு, பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2017இல் நிறைவேறி 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு, மதம் மாற்றுவோருக்கும் மாறும்படி தூண்டுவோருக்கும் ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடுகடத்த வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்தியர்களுக்கு இதில் விலக்கு இல்லை.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2016இல், தோலகா மாவட்டத்தின் சாரிகோட்டில் எட்டு கிறிஸ்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். நிலநடுக்கத்தால் கலங்கிப்போயிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறுதல் வகுப்பு எடுத்தபோது, இயேசுவைப் பற்றிய படக்கதைப் புத்தகம் கொடுத்தார்கள் என்பதுதான் வழக்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதலையானார்கள், ஆனால் அதுவரை வழக்கைச் சுமந்தார்கள். கைப்பிரதியும் பிள்ளைகளும் சேரும் இடம் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதற்கு இது போதும்.

ஆகவே கைப்பிரதி ஊழியத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விபிஎஸ் நடத்தினால், அந்தச் சபைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டும், சபைக் கட்டடத்துக்குள், உள்ளூர் ஆசிரியர்களின் பொறுப்பில் நடக்கட்டும். தெருவில் விளையாடும் பிள்ளைகளை மிட்டாய் கொடுத்துக் கூட்டி வருவது நம் ஊரில் சாதாரணம், அங்கே அது போலீஸ் புகார். வீடு சந்திப்பும் சபையார் வீடுகளோடு நிற்கட்டும். மருத்துவ முகாம் வேண்டாம். வெளிநாட்டு மருத்துவர் அங்கே சிகிச்சை அளிக்க நேபாள மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற்றாக வேண்டும். உங்கள் குழுவில் எம்பிபிஎஸ் முடித்தவர் இருந்தாலும், பதிவில்லாமல் மாத்திரை கொடுப்பது குற்றம்.

இதைக் கேட்டதும் வாலிபர்கள் "அப்படியானால் எதற்குப் போவது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. நேபாளச் சபை வெளியாட்கள் வந்து கட்டிய சபை அல்ல. 1951 வரை வெளிநாட்டு மிஷனரிகளுக்கு அந்த நாட்டில் இடமே இல்லை. நேபாளி மொழியின் முழு வேதாகமம் எல்லைக்கு இப்பால், டார்ஜிலிங்கில், கங்கா பிரசாத் பிரதான் என்ற நேபாளியின் உழைப்பில் 1914இல் வெளிவந்தது. 1990 வரை ஞானஸ்நானம் கொடுத்ததற்காகச் சிறை சென்ற போதகர்கள் அங்கே உண்டு. அப்படிப்பட்ட சபைக்கு சுவிசேஷம் சொல்லிக்கொடுக்க நாம் போகவில்லை. அவர்களோடு தங்கி, அவர்கள் சொல்லும் வேலையைச் செய்து, கற்றுக்கொண்டு வரப் போகிறோம். வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான வி. எஸ். அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளிடம் கேட்டதும் இதைத்தான்: எல்லாம் கொடுத்துவிட்டீர்கள், நண்பர்களாக வாருங்கள். அந்தப் பக்கத்துக்காரர்களான உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி அந்தப் போதகருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "நாங்கள் என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்டால், விருந்தாளி மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் சம்மதிப்பார். குறிப்பாகக் கேளுங்கள். எந்தத் தேதிகளில் சபையில் வேலை குறைவு? எத்தனை பேருக்குப் படுக்க இடம் உண்டு? கழிப்பறை எத்தனை? நாங்கள் வருவதை வார்டு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுமா? போன முறை வந்த குழுவால் என்ன சிரமம் ஏற்பட்டது? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கு மிகவும் உதவும். அதைக் கடிதத்தில் எழுதத் தயங்குவார், தொலைபேசியில் கேளுங்கள்.

அவர்கள் கேட்கக்கூடியவை பெரும்பாலும் எளிய வேலைகள்: சுவருக்கு வெள்ளையடிப்பது, கழிவுநீர்க் குழி தோண்டுவது, பாடகர் குழுவுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பது, சபை வாலிபர்களுக்குக் கணினிப் பயிற்சி. வெள்ளையடிக்கும் வேலையை உள்ளூர்க் கூலியாளிடமிருந்து பறிக்காமல், அப்படி ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு அவருக்குக் கீழே வேலை செய்யுங்கள். அனாதை இல்லத்துக்கு ஒரு நாள் போய்ப் பாட்டுப் பாடிப் பரிசு கொடுக்கலாமா என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நேபாளத்தில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். பார்வையாளர் வருகையும் நன்கொடையும்தான் பிள்ளைகளை வீட்டிலிருந்து இல்லத்துக்கு இழுக்கின்றன.

14 பேர் அதிகம். 8 பேராகக் குறையுங்கள்: ஆறு வாலிபர்கள், பொறுப்பாளராக ஓர் ஆண், ஒரு பெண். எட்டுப் பேர் ஒரே வண்டியில் அடங்குவார்கள், இரண்டு வீடுகளில் தங்கலாம், தெருவில் ஊர்வலம் போலத் தெரியாது. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் முதல் பயணத்தில் சேர்க்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்நிய நாட்டில் ஒரு சிறுவனை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், கையெழுத்துப் போடப் பெற்றோர் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

காலத்தையும் மாற்றுங்கள். மே மாதம் சித்வனில் கடும் வெயில். அதைவிட முக்கியம், நேபாளத்தில் புதுக் கல்வியாண்டு ஏப்ரல் நடுவில், பைசாக மாதத்தில் தொடங்குகிறது. உங்களுக்கு விடுமுறை, அங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி. காலை விபிஎஸ்ஸுக்கு யார் வருவார்கள்? ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு. அதன் பின் தசைன், தீஹார் பண்டிகைகள், பேருந்தில் இடம் கிடைக்காது. டிசம்பர் கடைசியில் உத்தரப் பிரதேசத்து மூடுபனி ரயில்களை மணிக்கணக்கில் நிறுத்திவிடும். செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு, நவம்பர் கடைசி வாரமும் டிசம்பர் முதல் வாரமும் சேர்ந்தாற்போல் போவதே நல்லது. இரவில் குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதும்.

பத்து நாளில் ரயில் பயணம் சரிவராது. திருநெல்வேலியிலிருந்து சென்னை வழியாக கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, பிறகு பைரஹவா, பரத்பூர் என்று போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்றரை நாள் ஆகும். போகவர ஏழு நாள் போனால் மிச்சம் மூன்று நாள்தான். ரயிலில் போவதாக இருந்தால் 16 நாள் ஒதுக்குங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். விமானம் என்றால் டில்லி வழியாக காத்மாண்டு, அங்கிருந்து பகல் நேர வண்டியில் சித்வன். இரவுப் பேருந்து வேண்டவே வேண்டாம். 2024 ஜூலையில் சித்வனின் சிமல்தாலில் மண்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றில் தள்ளியது அதிகாலை இருட்டில். அது மழைக்காலம். நவம்பரில் மண் காய்ந்திருந்தாலும் வளைவுகளும் தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் ஓட்டுநரும் மாறுவதில்லை.

அடையாள ஆவணத்தில்தான் குழுக்கள் வழக்கமாக மாட்டிக்கொள்கின்றன. ஆதாரை வைத்துப் போய்விடலாம் என்று நினைப்பார்கள். 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் உள்ளவர்களுக்கே அது செல்லும். மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள், சாதாரண முறையில் 1,500 ரூபாய். பெயர், இன்ஷியல், தந்தை பெயர் ஆகியவை டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, சர்டிபிகேட் பெயர் ஒன்று என்று நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பது சகஜம். விமான நிலையத்தில் அது சிக்கலாகும்.

பணம். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது நிலையான விகிதம். கடையில் விலை சொன்னால் "ஐசியா, என்சியா?" என்று கேளுங்கள். ஐசி என்றால் இந்தியப் பணம், என்சி நேபாளப் பணம். கேட்காவிட்டால் ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுத்துவிடுவீர்கள். 200, 500 ரூபாய் நோட்டுகளைக் கொண்டுபோவதற்கான விதி பல முறை மாறியிருக்கிறது, ஆகவே கைச்செலவுக்கு 100 ரூபாய் நோட்டுகளே பாதுகாப்பு. 2024 முதல் அங்குள்ள சில கடைகளில் நம் யுபிஐ செல்லும், ஆனால் கிராமத்தில் அதை நம்பாதீர்கள். சாப்பாட்டுச் செலவை, ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று போதகரின் மனைவியிடம் முன்பே பேசி, போன முதல் நாளே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் கவரில் வைத்துக் கொடுப்பது நமக்கு மரியாதை, ஆனால் அதுவரை கடன் வாங்கிச் சமைத்திருப்பவர் அவர்தான். சபையின் அறக்கட்டளைக் கணக்கிலிருந்து பயணச் செலவு செய்வதாக இருந்தால் ஆடிட்டரிடம் கேளுங்கள். அறக்கட்டளை வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவழித்தால் வருமான வரி விலக்கு பாதிக்கப்படும். அவரவர் செலவை அவரவர் கட்டுவதே எளிது.

ஊசிகளில் டைபாய்டும் ஹெபடைடிஸ் ஏயும் பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். டெட்டனஸ் போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் அதையும் போடுங்கள். நாயோ குரங்கோ கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சித்வன் தாழ்ந்த பகுதி, மலைநோய் வராது. வயிற்றுப்போக்குதான் வரும். ஆளுக்கு ஐந்து ஓஆர்எஸ் பொட்டலம் எடுங்கள். 21 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. அதை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு அளவு மிஞ்சி நிலைமை மோசமாகும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டெங்கு உள்ள பகுதி என்பதால் இபுபுரூஃபன் கூடாது. உள்நாட்டு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் எல்லை தாண்டினால் செல்லாது, நேபாளத்தைச் சேர்த்த பயணக் காப்பீடு தனியாக எடுங்கள்.

சபைப் பழக்கங்களில் சிலவற்றை இங்கேயே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே ஆராதனை ஞாயிறு அல்ல, சனிக்கிழமை. ஆண்களும் பெண்களும் தனித்தனியாகத் தரையில் அமர்வார்கள், வாழ்த்து "ஜெய் மசீ". காலையில் டீ மட்டும், ஒன்பது பத்து மணிக்குப் பருப்பும் சோறும், மறுபடி இரவில் அதே. எட்டு மணிக்கு இட்லி எதிர்பார்க்கும் வயிறு முதல் மூன்று நாள் முனகும், பையில் பிஸ்கட் இருக்கட்டும். நம் "எச்சில்" அங்கே "ஜூட்டோ", தண்ணீர்ப் பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது. பசு நேபாளத்தின் தேசிய விலங்கு, பசுவதை குற்றம். மாட்டிறைச்சி ஊறுகாய் யாருடைய பையிலும் இருக்கக் கூடாது.

கடைசியாக, போன். குழு திரும்பி வந்த பிறகு வரும் ஆபத்து பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. "நேபாளத்தில் இத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்" என்று ஊர்ப்பெயரும் போதகர் படமும் போட்டு முகநூலில் ஒரு பதிவு வந்தால், நீங்கள் திருநெல்வேலியில் பத்திரமாக இருப்பீர்கள். போலீஸ் கதவைத் தட்டுவது சித்வனில். பதிவை நீக்கினாலும் யாராவது எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கும். ஆகவே கிளம்பும் முன் எட்டுப் பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: பிள்ளைகளின் முகம் இல்லை, சபையின் பெயர் இல்லை, இடம் காட்டும் குறியீடு இல்லை, நேரலை இல்லை. திரும்பியதும் சபையில் அறிக்கை வாசிக்கும் முன், அந்த அறிக்கையையும் காட்டப்போகும் படங்களையும் அந்தப் போதகருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகே காட்டுங்கள். உங்கள் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது என்றால், அறிக்கை வாசிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கேமராவை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.