நீலகிரித் தைலம் முதல் அட்டைக்கடி வரை: மலைக் குழந்தைகளுக்கு ஒரு மருத்துவரின் பதில்கள்

குன்னூரில் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

குன்னூர், இரண்டரை வயது மகனின் அம்மா: ஜூனில் பால்வாடிக்கு அனுப்பினோம். அன்றிலிருந்து மாதம் தவறாமல் சளி. எதிர்ப்புச் சக்தியே இல்லை என்கிறார் மாமியார். டானிக் ஏதாவது எழுதித் தருவீர்களா டாக்டர்?

டானிக் வேண்டாம். சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். பால்வாடிக்குப் போகும் முதல் வருஷம் பத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. சளி தரும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல். ஒவ்வொன்றையும் உங்கள் பையன் இப்போதுதான் முதன்முறையாகச் சந்திக்கிறான். குளிர் மட்டும் சளியைக் கொண்டுவருவதில்லை. குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு இத்தனை பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைக்கிறோமே, அதில்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. எதிர்ப்புச் சக்தியைப் பற்றி யோசிக்க வேண்டியது, நிமோனியா திரும்பத் திரும்ப வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தால், அல்லது எடை ஏறாமலே நின்றால். உங்கள் பையன் இடைப்பட்ட நாட்களில் ஓடி விளையாடுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது போதும்.

இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். அதற்காகக் கடையில் சிரப் வாங்காதீர்கள். இரண்டு வயதுக்குள் இருமல் சிரப் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் பையனுக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுங்கள். நம் மலைத் தேனாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தொட்டு வைப்பதும் இதில் அடக்கம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டதா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே கிளம்புங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது, கணக்குத் தப்பிவிடும்.

ஊட்டி, ஏழு மாதப் பேரனின் பாட்டி: எங்கள் காலத்தில் மூக்கடைத்தால் நீலகிரித் தைலத்தை மார்பில் தேய்த்து, தலையணையிலும் ரெண்டு சொட்டு விடுவோம். மருமகள் பாட்டிலையே ஒளித்து வைத்துவிட்டாள். யார் செய்வது சரி, நீங்களே சொல்லுங்கள் டாக்டரம்மா.

இந்த விஷயத்தில் நான் மருமகள் கட்சி, பாட்டிம்மா. இரண்டு வயதுக்குள் அந்தத் தைலம் மார்பிலும் வேண்டாம், மூக்கருகிலும் வேண்டாம். பெரியவர்களுக்கு மூக்குத் திறந்தமாதிரி தோன்ற வைக்கும் அதே காரம், குழந்தையின் சன்னமான மூச்சுக்குழாயை எரித்து இறுக வைத்துவிடும். துணியில் சூடம் முடிந்து தொட்டிலில் கட்டுவதும் சாம்பிராணிப் புகையும் இதே கணக்குதான்.

அதைவிட எனக்குப் பயம் தருவது அந்தப் பாட்டில். ஊட்டியில் கடைக்குக் கடை விற்பது, வீட்டுக்கு வீடு ஜன்னல் திட்டில் இருப்பது. தவழும் குழந்தை எடுத்துக் குடித்தால் ஒரு தேக்கரண்டி அளவே மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு. கை சும்மா இருக்காது என்றால் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுங்கள், பேரனுக்கும் பிடிக்கும்.

ஊட்டி, மூன்று மாதக் குழந்தையின் அப்பா: ஜனவரியில் உறைபனி. ராத்திரி கரி அடுப்பை உள்ளே வைத்து, குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், குல்லா, மேலே கம்பளி. ஆனாலும் கை கால் சில்லென்று இருக்கிறது.

அடுப்பை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே ஒரு குடும்பத்தையே கொன்றுவிடும். கங்கு அணைந்துவிட்டது, சாம்பல்தான் இருக்கிறது என்பதும் சமாதானமாகாது.

கை கால் சில்லென்று இருப்பது இந்த வயதில் இயல்பு. பிடரியில் கை வைத்துப் பாருங்கள். அங்கே இளஞ்சூடு இருந்தால் குழந்தைக்குக் குளிரவில்லை, வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றுங்கள். நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதல், அவ்வளவே கணக்கு. வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். கம்பளி முகத்துக்கு வரவே கூடாது.

கோத்தகிரி, தேயிலை பறிக்கப் போகும் அம்மா: மகளுக்கு இரண்டு வயது. சோறு என்றாலே ஓடுகிறாள். டீயில் வர்க்கியை நனைத்துக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுகிறாள். காலை, சாயந்திரம் இரண்டு வேளையும் அதுதான். பசிக்கு மருந்து உண்டா?

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்ப்போம். பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்கு ஒன்பது கிலோ ஆகிறது, அதாவது ஆறு கிலோ கூடுகிறது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையத்தானே செய்யும்? ஒன்றரை, இரண்டு வயதில் ‘சாப்பிடவே மாட்டேன் என்கிறாள்’ என்று என்னிடம் வராத அம்மாவே இல்லை. அங்கன்வாடி அட்டையில் எடைக் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் பசி மருந்துக்கு வேலையில்லை.

டீ வேறு கதை. நம் மலைக்கே சோறு போடுகிற பயிர்தான், ஆனால் குழந்தைக்கு ஆகாது. டீயில் இருக்கும் டானின், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்ளும். ரத்தச் சோகை வரும். ரத்தச் சோகை வந்தால் பசி இன்னும் படுக்கும். சர்க்கரையும் வர்க்கியும் அதற்குள் வயிற்றை நிரப்பியிருக்கும். அப்புறம் சோற்றுக்கு எங்கே இடம்? பாலும் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

ஒரேயடியாக நிறுத்தினால் வீடு ரெண்டுபடும். முதல் வாரம் டீயில் டிகாஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள், அடுத்த வாரம் வெறும் பால். காலையில் நீங்கள் சாப்பிடும் ராகிக் களியில் ஒரு உருண்டை, முட்டை, கீரை மசியல். கூடவே தக்காளி, கொய்யா, நெல்லி ஏதாவது கொஞ்சம் இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். அவளே அள்ளிச் சாப்பிடட்டும், பாதி தரையில் போனாலும் பரவாயில்லை. உள்ளங்கையும் நாக்கும் வெளுத்திருக்கிறதா, மண் தின்கிறாளா என்று மட்டும் பாருங்கள். ஆம் என்றால் ரத்தம் பார்த்துவிடுவோம்.

குந்தா, இரண்டு வயது மகளின் அப்பா: 102 டிகிரி காய்ச்சல். மருந்து கொடுத்தால் இறங்கி மறுபடி ஏறுகிறது. போன வருஷம் ஒரு முறை வலிப்பு வந்ததால் காய்ச்சல் என்றாலே நடுங்குகிறோம்.

மருந்து வேலை முடிந்ததும் காய்ச்சல் ஏறும், அது இயல்பு. பாரசிட்டமால் கொடுப்பது குழந்தை வலியில்லாமல் இருக்க. எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். இங்கே ஒரு ஆபத்து உண்டு. சிரப், ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு விதமாக வருகிறது. பத்துக் கிலோ குழந்தைக்கு முதலாவதில் ஆறு மில்லி என்றால் இரண்டாவதில் மூன்று மில்லிதான். பாட்டில் மாறினால் அளவும் மாறும். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு வருவது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், மூளையைக் கெடுக்காது. மறுபடி வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் விரலோ கரண்டியோ வேண்டாம், கையில் சாவி கொடுப்பதும் வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் 108. நின்றாலும் அன்றைக்கே ஒரு முறை காட்டிவிடுங்கள்.

மற்றபடி காய்ச்சல் இறங்கியிருக்கும் நேரத்தில் விளையாடினால் இரண்டு நாள் பொறுக்கலாம். மூன்றாம் நாளும் விடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுப்பினாலும் சுருண்டு சுருண்டு படுக்கிறாள் என்றால் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு 100.4 தொட்டாலே, ராத்திரியானாலும் வந்துவிட வேண்டும்.

கூடலூர், பழங்குடி கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்: காய்ச்சலுக்கு இரண்டு நாள் பொறுக்கலாம் என்று நீங்கள் சொல்வது அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கும் பொருந்துமா மேடம்?

பொருந்தாது, கேட்டது நல்லதாயிற்று. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலில் அறியப்பட்டதே 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த நோய் உள்ள குழந்தையின் மண்ணீரல் சிறு வயதிலேயே செயலிழந்துபோகும். கிருமி ரத்தத்தில் பரவினால் தடுக்க ஆளில்லை. அதனால் 101 டிகிரி என்றால் அதே நாள், அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. தினசரி பென்சிலின் ஐந்து வயது வரையாவது விடக் கூடாது. பரிசோதனை அட்டையில் ‘கடத்தி’ (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் கூறு வந்தவர்) என்று மட்டும் இருந்தால் அது நோயல்ல, அந்தக் குழந்தைக்கு எல்லோரையும் போலத்தான்.

ஊட்டி, அம்மா: பேதிக்கு ஓஆர்எஸ் கலக்கும் தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது? இங்கே சீக்கிரம் கொதிக்கிறதே.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் தளதளவென்று கொதி வந்த பிறகு மூன்று நிமிஷம் விடுங்கள், போதும். ஆறியதும் பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டரில் கலக்குங்கள். பாதிப் பாதியாகக் கலந்தால் உப்பு அளவு தப்பும். 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிடுங்கள். கூடவே ஜிங்க், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும்.

குன்னூர், அப்பா: குரங்கு கையில் கீறிவிட்டது. ரத்தம் லேசாகத்தான். ஊசி தேவையா?

தேவை. முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் அப்பாதீர்கள். பிறகு அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசி. 1907-இல் இதற்காகவே பாஸ்டர் நிலையம் தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு ஊசிக்கு யோசிக்கலாமா?

கோத்தகிரி, பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளின் அம்மா: அட்டை கடித்தால் ரத்தம் நிற்பதே இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை உள்ளே விட்டுவிட்டுப் போகிறது, அதனால்தான். நகத்தால் ஓரமாக நெம்பி எடுத்து, சோப்பில் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை. சொறிந்து புண்ணாக்கிக்கொண்டால்தான் என்னிடம் வர வேண்டும்.

மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கடி இறங்கும் அம்மா: கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் ஆறு வயது மகன் வாந்தி. கைக்குழந்தை இறங்கும்போது மட்டும் வீறிட்டு அழுகிறது.

பையனிடம் போனைக் கொடுக்காதீர்கள், நேரே முன்னால் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். பதின்வயதில் தானாகக் குறையும். கைக்குழந்தைக்குக் காது அடைக்கிறது. மலை இறங்கி முடியும்வரை அவ்வப்போது பால் கொடுத்துக்கொண்டே வாருங்கள், விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.