போலி இல்லை, காய்ந்துபோன சிகார்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். வயது 61. எப்போதாவது ஒரு சிகரெட் பிடிப்பேன். அமெரிக்காவிலிருந்து வந்த என் மருமகன் பத்து சிகார் கொண்டுவந்தார். காரம் குறைவானது, நல்ல விலையுள்ளது என்றார். சிகாரைச் சுற்றிய காகிதப் பட்டையில் கோஹிபா என்றும் பெட்டியில் டொமினிகன் ரிபப்ளிக் என்றும் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தேன். மே மாதம் ஏற்காடு போனபோது ஒன்றைப் பற்றவைத்தேன். வைக்கோலைக் கொளுத்தியது மாதிரி இருந்தது. நாக்கு சுட்டது, ருசி ஒன்றும் தெரியவில்லை, பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மலையில் வெளிநாட்டுச் சாமான் வாங்கித் தரும் ஒருவர், "கோஹிபா என்றால் கியூபாதான், இது டூப்ளிகேட். 25 சிகார் உள்ள ஒரிஜினல் பெட்டி 15,000 ரூபாய்க்குத் தருகிறேன்" என்று 2,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். மீதியைக் கொடுக்கலாமா? மைல்ட் சிகாரின் ருசி எப்படித்தான் தெரியும்?

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் அவர் இரண்டு தடவை போன் செய்திருப்பார்.

உங்களிடம் இருப்பது போலி என்று சொல்ல, நீங்கள் எழுதியதில் எந்த அடையாளமும் இல்லை. அது காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். சிகார் என்பது பதத்தில் வைத்த இலை. சுற்றியுள்ள காற்றில் 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் இருந்தால்தான் அதன் எண்ணெய்ப் பசை நிற்கும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் சேலத்து பீரோவுக்குள் என்ன ஈரம் இருக்கும்? அங்கே அப்பளம் வைக்கலாம், சிகார் வைக்கக் கூடாது. காய்ந்த இலை வேகமாக எரியும், புகை சூடாக வரும், நாக்கு சுடும். பதினைந்து நிமிடத்தில் தீர்ந்தது என்கிறீர்களே, ஐந்து அங்குலச் சிகார் பதத்தில் இருந்தால் முக்கால் மணி நேரமாவது தாங்கும். துணிகளுக்கு நடுவே அந்துருண்டை போட்டிருந்தால் அந்த வாசனையையும் இலை குடித்திருக்கும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் போட்டிருப்பீர்கள்.

மிச்சம் ஒன்பது இருக்கிறது. ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக உருட்டுங்கள். மொறமொறவென்று சத்தம் வந்தால் காய்ந்தது. சத்தமில்லாமல் மெல்ல அமுங்கி, விரலை எடுத்ததும் பழையபடி எழும்பினால் பதம். அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தால் ஈரம் கூடிப்போனது. புகையிலைக் கொள்முதலில் முப்பது வருடம் இருந்தவன் நான். எங்களுக்குக் கையில் மீட்டர் எல்லாம் கிடையாது, இந்த விரல்தான்.

இனி அந்த "டூப்ளிகேட்" விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், இந்த ஒரு குழப்பத்தை வைத்துத்தான் பலரை ஏமாற்றுகிறார்கள்.

கோஹிபா என்ற பெயரில் இரண்டு சிகார் உண்டு, இரண்டும் அசல். முதலாவது கியூபாவுடையது. 1966-ல் கியூபாத் தலைவர் காஸ்ட்ரோவுக்காகவும் அரசு விருந்தினர்களுக்குப் பரிசளிக்கவும் சுற்ற ஆரம்பித்து, 1982-ல்தான் வெளியே விற்பனைக்கு விட்டார்கள். இரண்டாவது அமெரிக்கச் சந்தைக்கானது. 1962-லிருந்து கியூபாச் சரக்குக்கு அமெரிக்காவில் தடை. அந்த இடைவெளியில் ஜெனரல் சிகார் என்ற கம்பெனி அதே பெயரை அமெரிக்காவில் பதிவுசெய்து, டொமினிகன் ரிபப்ளிக்கில் சுற்றி விற்க ஆரம்பித்தது. பெயர் யாருக்குச் சொந்தம் என்று பல பத்தாண்டுகளாக வழக்கு நடக்கிறது. அது அவர்கள் பாடு. அமெரிக்கக் கடையில் கோஹிபா கேட்டால் கையில் வருவது இந்த இரண்டாவதுதான். உங்கள் மருமகன் ஏமாறவில்லை, அவரிடம் போய் ஏதாவது கேட்டு வைக்காதீர்கள்.

மான்டிகிறிஸ்டோ, ரோமியோ இ ஜூலியட்டா, பார்தகாஸ், எச். உப்மான் எல்லாவற்றுக்கும் இதே போல இரட்டைப் பிறப்பு உண்டு. ஆனால் காரணம் வேறு. அவை காஸ்ட்ரோவின் புரட்சிக்கு முந்தைய பெயர்கள். 1960-ல் கியூபா அரசு தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டதும், பழைய முதலாளிகள் பெயரைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். கோஹிபாவுக்கு அப்படிப் பழைய முதலாளி யாரும் இல்லை, புரட்சிக்குப் பிறகு பிறந்த பெயர் அது. இந்த வித்தியாசம் உங்கள் புரோக்கருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.

அவர் தரும் பெட்டிக்கு வருவோம். இருபத்தைந்து கியூபா கோஹிபா 15,000 என்றால் ஒன்று 600 ரூபாய். 2022-க்குப் பிறகு அதன் விலை எகிறிய எகிறலில், ஒற்றைச் சிகாரே பல ஆயிரம் ரூபாய். தங்கத்தைப் பித்தளை விலைக்குத் தருகிறேன் என்றால் வாங்குவீர்களா? பெட்டியின் மூடி கண்ணாடியாக இருந்தால் கையால்கூடத் தொடாதீர்கள். கண்ணாடி மூடி போட்ட கோஹிபா கியூபாவிலிருந்து வருவதே இல்லை. அசல் பெட்டியின் அடியில் கியூபாவில் செய்தது, முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிய மொழியில் சூடு போட்டிருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், காலிப் பெட்டிக்கும் தனி வியாபாரம் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் இப்படித்தான் கண்ணாடி மூடி போட்ட பெட்டி ஒன்றை வாங்கிவந்து, பெருமையோடு எனக்கு ஒன்று நீட்டினார். நான் பற்றவைக்கவில்லை. பிளேடால் நீளவாக்கில் கீறினேன். நல்ல கைச்சுருட்டுக்குள் இலை தலையிலிருந்து கால்வரை நீளமாக, விசிறிபோல மடிந்து கிடக்கும். இதில் முழு இலை ஒன்றுகூட இல்லை. மாவு மில்லில் கூட்டி அள்ளியதுபோலத் தூளும் காம்பும் கொட்டியது. நண்பர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்னொரு சோதனை சுலபம். இந்தியாவில் விற்கும் எந்தப் புகையிலைப் பெட்டியிலும், வெளிநாட்டுச் சரக்கானாலும், 85 சதவீத இடத்தில் அந்தப் பயங்கரமான எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். 2016-லிருந்து இதுதான் அளவு. படம் இல்லாத பெட்டியை ஒருவர் இங்கே விற்றால், அது வரி கட்டாமல் வந்தது, அல்லது போலி, அல்லது இரண்டும். மருமகன் கையோடு கொண்டுவந்தது வேறு கணக்கு. பயணி ஒருவர் 25 சிகார் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் படமில்லாத வெளிநாட்டு சிகரெட் பாக்கெட் பெட்டிக்கடை முகப்பிலேயே தொங்கும், யாரும் கேட்க மாட்டார்கள். கணக்காக இருபதே இருபது சிகாரோடு நான் ஒரு விமான நிலையத்தில் இறங்கினால், சுங்க அதிகாரிகள் ஒவ்வொன்றையும் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி, முகர்ந்து, பதினோராவதில் மேல் இலை கிழிந்த பிறகு "போங்க சார்" என்பார்கள். சரி, விடுங்கள்.

அப்புறம், "மைல்ட்தான் சார், உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்பார்கள். சுத்தப் பொய். மைல்ட் என்பது காரத்தின் கணக்கு, கெடுதலின் கணக்கு இல்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் அபாயம் உண்டு. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றபடி உங்கள் இஷ்டம்.

காரம் எங்கிருந்து வருகிறது? பலரும் மேல் இலையின் நிறத்தைப் பார்த்து முடிவுசெய்கிறார்கள். வெளிர் நிறம் என்றால் மைல்ட், கறுப்பு என்றால் காரம் என்று. அப்படி இல்லை. நம் பக்கத்தில் வாய்ப்புகையிலை போடுகிறவரைக் கேளுங்கள், நுனி இலைக்கும் அடி இலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வார். செடியின் உச்சியில் வெயில் குடித்து விளைந்த இலை தடித்தது, காரமானது. அடி இலை மெல்லியது, சாது, நன்றாக எரியும். மைல்ட் சிகாரின் உள்ளே உச்சி இலை குறைவாக வைத்திருப்பார்கள். மேலே பெரும்பாலும் கனெக்டிகட் ரகத்தின் வெளிர் பழுப்பு இலை இருக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் வெள்ளைத் துணிப் பந்தலுக்குக் கீழே வளர்ப்பது அது. எக்வடாரில் பந்தலே வேண்டாம், மேகமே நிழல் போட்டுவிடுகிறது. நம் சேர்வராயன் மலையில் காப்பிச் செடிக்கு சில்வர் ஓக் மரம் நிழல் தருகிற மாதிரி.

இப்படிப்பட்ட சிகாரின் ருசி மெல்லியது. வெண்ணெய், வறுத்த வேர்க்கடலை, புதிதாக இழைத்த மரப்பலகை, கடைசியில் கொஞ்சம் வெள்ளை மிளகு, அந்த வகை. இது நாக்குக்கு எட்ட வேண்டுமானால் வாய் சும்மா இருக்க வேண்டும். பூண்டுச் சட்னி வழிய தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு மலையேறி, ஏரிக்கரையில் பாதி சிக்கரி கலந்த காப்பி குடித்துவிட்டுப் பற்றவைத்தால் தேவலோகச் சிகாரும் வைக்கோல்தான். மிதமாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு உட்காருங்கள். கூடக் குடிக்க வேண்டுமென்றால் சிக்கரி கலக்காத ஏற்காட்டு அரபிகா, பால் விட்டு, சர்க்கரை குறைத்து. வெறும் வயிற்றில் வேண்டாம், தலை சுற்றும்.

மூடியிருக்கும் முனையில் தொப்பிபோல ஒரு சின்ன இலைத்துண்டு ஒட்டியிருக்கும். அதன் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் கூரான பிளேடால் சீவுங்கள். பல்லால் கடித்தால் மேல் இலை பிரிந்து கடைசிவரை வாயில் ஒட்டும். பற்றவைக்கும் முன்பு வெறும் காற்றை இரண்டு தடவை இழுங்கள். அதிலேயே பாதி ருசி தெரிந்துவிடும். தீக்குச்சிதான் நல்லது, ஆனால் மருந்து எரிந்து தீர்ந்து மரம் எரியும்போது கொண்டுபோங்கள். பெட்ரோல் லைட்டர் என்றால் பெட்ரோலைத்தான் ருசிப்பீர்கள். தீயை முனையில் முட்டவிடாமல், கீழே பிடித்துச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டி, ஓரம் முழுக்கச் சிவந்த பிறகு மெல்ல இழுங்கள்.

உங்கள் முக்கியமான தவறு இங்கேதான் இருந்திருக்கும். சிகரெட் பழக்கத்தில் அடுத்தடுத்து இழுத்திருப்பீர்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். புகையை வாயில் நிறுத்தி, நாக்கில் புரளவிட்டு, வெளியே விடுங்கள். நெஞ்சுக்குள் இறங்கவே கூடாது. வெளியே விடும்போது கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டால் மிளகு வாசனை தெரியும், முதல் நாளே அதை முயல வேண்டாம். சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள், தானாக விழட்டும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் சூடும் கசப்பும் ஏறும்போது அப்படியே வைத்துவிடுங்கள், தானாக அணையும். நசுக்கினால் அறை முழுக்க நாறும். கோடையில் மலைப்பாதையில் பற்றவைக்கவே வேண்டாம். சருகில் ஒரு குச்சி விழுந்தால் போதும், மலைச்சரிவு முழுக்கப் பற்றிக்கொள்ளும்.

ஒன்பதையும் காப்பாற்ற, வாசனை இல்லாத, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். மரப்பெட்டி விற்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈரப்பதம் காக்கும் சின்னப் பைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன, 65 என்று போட்டதை ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள். ஈரப் பஞ்சு வைக்காதீர்கள், இலை திடீரென்று உப்பி வெடிக்கும். ஃபிரிட்ஜ் இன்னும் காயவைக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் டப்பா இருக்கட்டும். வெப்பம் கூடினால் இலைக்குள் இருக்கும் முட்டை பொரிந்து வண்டு வரும், குண்டூசித் தலை அளவில் ஓட்டை தெரியும். வேறொன்றுமில்லை, லீ பஜாரில் மஞ்சள் மூட்டையைத் துளைக்கிற அதே வண்டுதான். ஏற்காட்டில் விட்டுவைக்கலாமா என்று யோசிக்க வேண்டாம், மழைக்காலத்தில் அங்கே பூசணம் பிடிக்கும்.

மூன்று வாரம் டப்பாவைத் திறக்காதீர்கள். மூடிய தேதியை ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நான்காம் நாளே ஒன்றை எடுத்துக் காதருகே உருட்டிக்கொண்டிருப்பீர்கள்.