வட்டியில்லா வங்கிக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: நான் இஸ்லாமியன் அல்லன். தவணை மாறாது என்று எண்ணி ஓர் இஸ்லாமிய வங்கியில் வீட்டுக் கடன் எடுத்தேன். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இலும் 2023இலும் வட்டியை உயர்த்தியபோதெல்லாம் என் தவணையும் கூடியது. வட்டியே வாங்காத வங்கிக்கு நாட்டின் வட்டி விகிதத்தோடு என்ன உறவு?
– ஈப்போ வாசகர்

பதில்: வங்கிக்காரர்கள் ஒப்புக்கொள்வதைவிட நெருக்கமான உறவு. உங்கள் ஒப்பந்தத்தில் கடன் தொகையைப்போல் இரண்டு மூன்று மடங்கான ஒரு தொகை 'விற்பனை விலை' என்ற பெயரில் இருக்கும். மலேசியாவில் இப்போது பெரிதும் வழங்கும் 'தவர்ருக்' முறையில், வங்கி செம்பனை எண்ணெய் போன்ற ஒரு சரக்கை வாங்கி, லாபம் சேர்த்துத் தவணைக்கு உங்களிடம் விற்கிறது. பிறகு உங்கள் முகவராக நின்று அதையே ரொக்கத்துக்கு வேறொருவரிடம் விற்று, அந்தப் பணத்தை வீட்டுக்குக் கொடுக்கிறது. இதற்கெனவே 2009 முதல் 'பூர்சா சூக் அல்சிலா' என்ற சந்தை இயங்குகிறது. உங்கள் பெயரில் ஒரு கணம் இருந்த எண்ணெயில் ஒரு துளியும் உங்கள் வாசலுக்கு வருவதில்லை.

விற்பனை விலையை ஓர் உச்ச விகிதத்தில் கணக்கிட்டு வைத்துவிட்டு, நடப்பு விகிதத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை 'இப்ரா' என்ற தள்ளுபடியாக விட்டுக்கொடுப்பது வழக்கம். ஓர் எடுத்துக்காட்டு: 3 லட்சம் ரிங்கிட், 30 ஆண்டு, உச்ச விகிதம் 10 விழுக்காடு எனில் விற்பனை விலை சுமார் 9 லட்சத்து 48 ஆயிரம் ரிங்கிட். நடப்பு விகிதம் 4 விழுக்காடாக இருந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,432 ரிங்கிட் கட்டுவீர்கள். அது கால் விழுக்காடு உயர்ந்தால் 1,476 ஆகும். வட்டிக் கடனிலிருந்து இதைப் பிரித்துக்காட்டுவது, விகிதம் எவ்வளவு ஏறினாலும் விற்பனை விலைக்கு மேல் வங்கி ஒரு காசும் கேட்க முடியாது என்பதே.

முன்பு 'பை பித்தமன் அஜில்' என்ற தவணை விற்பனை முறையில் விலை உண்மையாகவே நிலையாக இருந்தது. ஆனால் வைப்பாளர்கள் அசையாமல் இருக்கவில்லை. வட்டி ஏறியதும், எதிர்த் தெருவிலிருந்த வழக்கமான வங்கிக்குப் பணத்தை மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தில், இஸ்லாமிய வங்கியும் வைப்புகளுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த கடனோ பழைய விலையிலேயே பல்லாண்டுகளுக்குக் கட்டுண்டு கிடந்தது. அந்த நட்டத்தைத் தவிர்க்கவே மிதக்கும் விகிதம் வந்தது. 2022 ஆகஸ்ட் முதல் மிதக்கும் விகிதத்திலான புதிய சில்லறைக் கடன்களுக்கு இருவகை வங்கிகளும் ஒரே 'தரப்படுத்தப்பட்ட அடிப்படை விகிதத்தை' ஒட்டியே விலை வைக்கின்றன. அந்த விகிதம் பேங்க் நெகாராவின் கொள்கை விகிதத்தோடு சேர்ந்து நகர்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020 ஜனவரி முதல் ஜூலைக்குள் கொள்கை விகிதம் 3 விழுக்காட்டிலிருந்து 1.75க்கு இறங்கியபோது, வீட்டுக் கடன் வருமானம் உடனே சுருங்கியது. முன்பே ஒப்புக்கொண்ட தவணை வைப்புகளுக்கோ முதிர்வு வரை பழைய விகிதத்தையே கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே விகிதம் இறங்கும்போது முதல் சில மாதங்களில் அடி வாங்குவது வங்கிதான். நிலையான விகிதத்தில் தரப்படும் வாகனக் கடனில் கதை நேர்மாறு.

கேள்வி: லாப நட்டத்தில் பங்கு கொள்வதே இஸ்லாமிய வங்கியின் அடிப்படை என்று படித்தேன். என் சிறு தொழிலில் பங்காளியாகச் சேருங்கள் என்று கேட்டால் மேலாளர் அடமானம் கேட்கிறார். ஏன்?
– கிள்ளான் வாசகர்

பதில்: மேலாளரைக் குறை சொல்லாதீர்கள், அவர் கையில் இருப்பது பங்கு போடத்தக்க பணம் அன்று. 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம் மக்கள் தரும் பணத்தை இரண்டாகப் பிரித்தது. போட்ட முதல் குறையாமல் திருப்பித்தர வேண்டியது வைப்பு; நட்டத்தை வாடிக்கையாளரே ஏற்பது முதலீட்டுக் கணக்கு. முன்னதற்கு 2,50,000 ரிங்கிட் வரை அரசின் வைப்புக் காப்புறுதி உண்டு, பின்னதற்கு இல்லை. பாதுகாப்பைத் தேடும் சேமிப்பாளர் எதை நாடுவார் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதலைத் திருப்பித்தர வாக்குக் கொடுத்த பணத்தை உங்கள் கடையின் லாபத்தை நம்பிப் போட எந்த வங்கியும் துணியாது.

அத்துடன், பங்கு முதலீட்டுக்காக வங்கி ஒதுக்கிவைக்க வேண்டிய சொந்த மூலதனம், வீட்டை அடமானமாகக் கொண்ட கடனுக்கு ஒதுக்குவதைவிட மிக அதிகம். கடைக் கணக்கில் உண்மையான லாபம் எவ்வளவு என்று மாதந்தோறும் சரிபார்க்கும் செலவு வேறு. அதனால்தான் உலகெங்கும் லாப நட்டத்தில் பங்கு கொள்ளும் முஷாரக்கா, முதாரபா ஒப்பந்தங்கள் பாடநூலில் முன்வரிசையிலும், லாபம் சேர்த்து விற்கும் முராபஹா வகைகள் ஏட்டுக்கணக்கில் முன்வரிசையிலும் நிற்கின்றன. என் கருத்தில் இது கொள்கைத் துரோகம் அன்று. வைப்பாளரின் எதிர்பார்ப்பு மாறாதவரை வங்கியின் கடன் வகையும் மாறாது.

கேள்வி: இஸ்லாமிய வங்கிகளின் லாபத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். மூலதனம், வாராக்கடன், செலவு, வங்கியின் அளவு ஆகியவற்றுள் எதற்கு முதலிடம் தரலாம்?
– பினாங்கு மாணவி

பதில்: மலேசியாவை எடுத்தால் வாராக்கடனுக்கு. 1983 ஜூலையில் நாட்டின் முதல் இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கிய பேங்க் இஸ்லாம், 2006 ஜூனில் முடிந்த நிதியாண்டில் 100 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் நட்டம் காட்டியது. வட்டி விகிதமோ மத விதியோ அதற்குக் காரணம் அல்ல. திரும்பி வராத கடன்களுக்குச் செய்த ஒதுக்கீடே காரணம். துபாயிலிருந்து புதிய மூலதனம் வந்த பிறகே வங்கி நிமிர்ந்தது.

செலவை ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. மேபேங்க் இஸ்லாமிக் போன்ற துணை வங்கிகள் தாய் வங்கியின் கிளைகளையும் கணினி அமைப்பையுமே பயன்படுத்துகின்றன. தனித்து நிற்கும் வங்கி ஒவ்வொரு கிளையின் வாடகையையும் தானே சுமக்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் இட்டுச் சராசரி எடுத்தால், அளவு பெரியதாக இருப்பதால் லாபம் வருகிறது என்ற தவறான முடிவே கிடைக்கும்.

2008 நெருக்கடியையும் கவனியுங்கள். பன்னாட்டு நாணய நிதியம் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வுத்தாள், சிக்கலான முதலீட்டுப் பத்திரங்களிலிருந்து விலகி நின்றதால் இஸ்லாமிய வங்கிகளின் லாபம் 2008இல் குறைவாகவே பாதிக்கப்பட்டது என்றும், நெருக்கடி உண்மைப் பொருளாதாரத்துக்குப் பரவிய 2009இல் சில நாடுகளில் அவை வழக்கமான வங்கிகளைவிட அதிகம் சரிந்தன என்றும் கண்டது. நிலத்திலும் கட்டடத்திலும் கடனைக் குவிப்பவர்களைப் பத்திரச் சந்தையின் அடி பிந்தித்தான் வந்து தொடும். உங்கள் ஆய்வுக் காலம் 2008உடன் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலங்கையில் 2022இல் வட்டி உச்சத்தில் இருந்தபோது வட்டியில்லா வங்கிக்கு லாபமா, நட்டமா?
– காத்தான்குடி வாசகர்

பதில்: இரண்டும் கலந்தது. இலங்கையில் முழுமையான இஸ்லாமிய வங்கியாக அமானா வங்கி 2011இல் தொடங்கியது. வழக்கமான வங்கிகள் கையில் மிஞ்சும் பணத்தை, அரசின் குறுங்காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலில் போடலாம். 2022இன் பிற்பாதியில் அது 30 விழுக்காட்டுக்கும் மேல் ஈட்டித் தந்தது. வட்டி தரும் அந்த உண்டியலை இஸ்லாமிய வங்கி வாங்க முடியாது என்பதால் அந்த வருமானம் கைநழுவியது. அதே ஆண்டு ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, அரசின் டொலர்க் கடன் பத்திரங்களான பிணைமுறிகளை வைத்திருந்த வங்கிகள் பெரும் நட்ட ஒதுக்கீடு செய்ய நேர்ந்தது. வட்டி தருவதால் அந்தப் பிணைமுறிகளும் விலக்கப்பட்டவையே. ஆகவே உண்டியலின் லாபத்தை மறுத்த அதே விதி இந்தச் சுமையிலிருந்தும் காத்தது.

கேள்வி: தவணை தாமதமானால் இஸ்லாமிய வங்கி வாங்கும் தண்டத்தொகை யாருக்குப் போகிறது?
– கோலாலம்பூர் வாசகர்

பதில்: மலேசியாவில் அது இரு வகைப்படும். தாமதத்தால் வங்கிக்கு நேர்ந்த உண்மையான இழப்பை ஈடுசெய்யும் 'தஃவீழ்' தொகையை வங்கி தன் வருமானமாகக் கொள்ளலாம். கடன் ஒப்பந்தக் காலத்துக்குள் அது நிலுவைத் தவணையில் ஆண்டுக்கு 1 விழுக்காடு. தண்டனையாக விதிக்கும் 'கராமா' தொகையை வங்கி வருமானத்தில் சேர்க்க முடியாது. அது அறப்பணிக்கே போக வேண்டும்.