நீரில் புறப்பட்டு நீரில் சேரும் எலக்ட்ரான்: ஒளிச்சேர்க்கையும் செல் சுவாசமும் குறித்த கேள்வி பதில்

தாவரங்கள் ஒளியைப் பிடிக்கும் விதம் குறித்தும் செல்கள் ஆற்றலைச் செலவிடும் விதம் குறித்தும் வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றையும் பாடநூல்கள் விளக்காமல் கடந்துவிடுபவற்றையும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். தாவர உடலியங்கியலை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தைச் சமன்பாடுகளாக மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த கையோடு மறந்துபோகும். ஓர் எலக்ட்ரான் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் மறக்காது. பதில்களில் பெரும்பாலானவற்றை அந்த ஒரு நூலிழையைப் பிடித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு சிறு விதை பெரிய மரமாகிறது. அத்தனை எடையும் மண்ணிலிருந்துதானே வருகிறது? அப்படியானால் மரத்தைச் சுற்றிப் பள்ளம் விழ வேண்டாமா?

பதில்: இதே ஐயம் வான் ஹெல்மான்ட் என்ற அறிஞருக்கும் எழுந்தது. 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். முடிவில் மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேல் இருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே. எனவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648-இல் இந்தச் சோதனை அச்சில் வந்தது. மண் காரணமில்லை என்று கண்டதில் அவர் சரி. காற்றைக் கணக்கில் எடுக்காததுதான் அவருடைய பிழை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன், எஞ்சியதில் பெரும்பகுதி ஆக்சிஜன். இவை இரண்டும் காற்றில் 0.04 விழுக்காடு அளவே உள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து வந்தவை. நீர் கொடுத்த ஹைட்ரஜன் எடையில் மிகச் சிறிய பங்கு. தண்ணீர் தரும் முதன்மையான பொருள் எலக்ட்ரான். அதற்கு எடை என்று சொல்லுமளவு எதுவும் இல்லை.

கேள்வி: இலை வெளிவிடும் ஆக்சிஜன் கார்பன் டைஆக்சைடு உடைவதால் வருகிறது என்றுதான் நான் படித்தேன். இப்போது தண்ணீரிலிருந்து வருகிறது என்கிறார்கள். எதை நம்புவது, ஐயா?

பதில்: தண்ணீரிலிருந்துதான். அதை நிலைநாட்டிய வழி அழகானது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். சில பாக்டீரியாக்கள் தண்ணீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்கின்றன. அவை ஆக்சிஜனை வெளிவிடுவதில்லை, கந்தகத் துகள்களையே விட்டுச்செல்கின்றன. அந்தக் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தவிர வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது. அப்படியென்றால் தாவரத்திலும் ஹைட்ரஜனைப் பறிகொடுத்த பொருளே, அதாவது நீரே, ஆக்சிஜனைத் தந்திருக்க வேண்டும் என்று 1930-களில் வான் நீல் வாதிட்டார். பின்னர் 1941-இல் ரூபனும் கேமனும் அவர்களுடைய குழுவினரும் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஐசோடோப்பு கலந்த நீரைப் பாசிகளுக்குக் கொடுத்தபோது, வெளிவந்த வாயுவில் அதே ஐசோடோப்பு தென்பட்டது.

நீர் எளிதில் எலக்ட்ரானை இழக்கும் பொருளன்று. அதைப் பிரிக்கும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. ஓர் ஒளித்துகள் வந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துச் செல்லும்போதெல்லாம் அந்த முடிச்சு ஒரு படி ஏறுகிறது. நான்கு படிகள் ஏறியதும் இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களை ஈடாக எடுத்துக்கொண்டு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை விடுவிக்கிறது. 1969-இல் பியேர் ஜோலியோவின் ஆய்வுக்கூடத்தில், இருளில் வைத்திருந்த ஒளிச்சேர்க்கை அமைப்புகளின் மேல் மின்னல்போல மிகக் குறுகிய ஒளிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பாய்ச்சிப் பார்த்தார்கள். முதல் வெட்டுக்கும் இரண்டாவதற்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய வரவேயில்லை. மூன்றாவதற்குப் பொங்கி வந்தது. அதன்பின் ஏழாவது, பதினொன்றாவது என்று நான்கு வெட்டுக்கு ஒருமுறை உச்சம் தொட்டது. முதல் உச்சம் நான்காவதில் வராமல் மூன்றாவதிலேயே வந்ததற்குக் காரணம், இருளில் ஓய்ந்திருக்கும் முடிச்சுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஒரு படி ஏறிய நிலையில் காத்திருப்பதுதான். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ள ஆக்சிஜன் இப்படி நான்கு நான்காக எண்ணி விடுவிக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: அப்படியானால் ஓர் ஐயம். என் மகளின் பள்ளிச் சோதனைக்காக ஹைட்ரில்லா என்ற நீர்க்கொடியை வெயிலில் வைத்தோம். குமிழிகள் நன்றாக வந்தன. கொதிக்க வைத்து ஆறிய நீருக்கு மாற்றியதும் நின்றுவிட்டன. நீர் இருக்கிறது, வெயில் இருக்கிறது, ஆக்சிஜன் ஏன் வரவில்லை?

பதில்: இவ்வளவு நல்ல கேள்வி ஒரு கண்ணாடிக் குவளையிலிருந்து எழுந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. கொதிக்க வைத்தபோது நீரில் கரைந்திருந்த கார்பன் டைஆக்சைடு வெளியேறிவிட்டது. நீரிலிருந்து பறிக்கப்பட்ட எலக்ட்ரான்கள் இறுதியில் சேர வேண்டிய இடம் அதுதான். இறங்குமிடம் மூடப்பட்டால் வழியில் எலக்ட்ரானைக் கைமாற்றும் மூலக்கூறுகளான ஏந்திகள் எல்லாம் நிரம்பி நிற்கும். அவை காலியாகாதவரை நீரிலிருந்து புதிய எலக்ட்ரானை எடுக்க இயலாது. ராபின் ஹில் 1930-களின் இறுதியில் இதையே தலைகீழாகக் காட்டினார். இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்களுக்கு, அதாவது செல்லுக்குள் பச்சையத்தைத் தாங்கிய நுண்ணுறுப்புகளுக்கு, எலக்ட்ரானை ஏற்கக்கூடிய இரும்பு உப்பு ஒன்றைக் கொடுத்து, கார்பன் டைஆக்சைடு இல்லாமலேயே ஆக்சிஜனை வரவழைத்தார். உங்கள் குவளையில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைக் கரைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள். தண்டின் வெட்டுமுனையில் குமிழி ஒன்று ஊசிமுனை அளவில் தோன்றி, பருத்து, விடுபட்டு மேலேறும். உடனே அடுத்தது தோன்றும். கையால் வெயிலை மறைத்தால் அந்த இடைவெளி நீள்வதை மகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பச்சை ஒளியை இலை பயன்படுத்துவதே இல்லை என்பது உண்மையா?

பதில்: இல்லை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் வலுவாக உறிஞ்சுகிறது. பச்சையை மெல்லவே உறிஞ்சுகிறது. ஆனால் இலை என்பது பச்சையக் கரைசல் நிரம்பிய சோதனைக்குழாய் அன்று. பச்சை ஒளி செல்களுக்கிடையே பலமுறை சிதறி அலைந்து, சிவப்பும் நீலமும் எட்டாத உள்ளடுக்குகளுக்குச் சென்று, பெரும்பகுதி அங்கே உறிஞ்சப்படுகிறது. தப்பித்து வரும் சிறு பங்கே நம் கண்ணுக்குப் பசுமையாகத் தெரிகிறது.

கேள்வி: ஒளி “வேதி ஆற்றலாக மாறுகிறது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் என்னதான் நடக்கிறது?

பதில்: அந்த ஒரு வரிக்குள் ஒரு முழு மின்நிலையம் இருக்கிறது. பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு என்னும் தட்டையான சவ்வுப் பைகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றின் சவ்வில் நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் அலைவாங்கிபோல ஒளியைப் பிடித்து, அந்த ஆற்றலைக் கைமாற்றிக் கைமாற்றி ஒரு மையத்துக்குக் கொண்டுசேர்க்கின்றன. அந்த மையத்தில் ஓர் எலக்ட்ரான் உயர் ஆற்றல் நிலைக்கு ஏறி, அடுத்த மூலக்கூறுக்குத் தாவிவிடுகிறது. அது ஏந்தியிலிருந்து ஏந்திக்குப் படிப்படியாக இறங்கும்போது, இறங்கும் வழியில் விடுபடும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வின் உட்புறத்துக்குத் தள்ளப் பயன்படுகிறது. பின்னர் இரண்டாவது ஒளித்துகள் ஒன்று அதே எலக்ட்ரானை மீண்டும் உயர்த்தி, என்ஏடிபிஎச் என்ற ஏந்தியில் ஏற்றிவிடுகிறது.

இதற்கிடையே பையினுள் அடைபட்ட புரோட்டான்கள் அணையில் தேங்கிய நீர்போல வெளியேற வழி தேடுகின்றன. செல் தன் வேலைகளுக்கு ஆற்றல் பெறும் ஏடிபி என்ற மூலக்கூறை உருவாக்கும் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதியே அவற்றுக்குக் கிடைக்கும் மதகு. புரோட்டான்கள் அதன் வழியே பாயும்போது அதன் ஒரு பகுதி மெய்யாகவே சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி மூலக்கூறுகள் உருவாகின்றன. இந்தச் சுழற்சியை 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அந்த நொதியின் அச்சில் ஒளிரும் நீண்ட இழை ஒன்றைக் கட்டி, நுண்ணோக்கியில் நேரில் பார்த்தார்கள்.

புரோட்டான் தேக்கத்தால் ஏடிபி உருவாகிறது என்று பீட்டர் மிட்செல் 1961-இல் முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1966-இல் யாகன்டார்ஃப் என்பவர் தைலகாய்டுகளை இருளில் அமிலக் கரைசலில் ஊறவைத்து, உட்புறமும் அமிலமானதும், சட்டென்று காரக் கரைசலுக்கு மாற்றினார். ஒரு துளி ஒளிகூட இல்லாமல் ஏடிபி உருவானது. ஒளியின் வேலை தேக்கத்தை உண்டாக்குவது, தேக்கம் இருந்தால் மதகு தானே இயங்கும் என்பது அதோடு தெளிவானது. மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: “இருள்வினை” இரவில் நடப்பதா?

பதில்: ஏடிபியையும் என்ஏடிபிஎச்சையும் செலவிட்டுக் கார்பன் டைஆக்சைடைச் சர்க்கரையாக்கும் அந்த வினை பகலில்தான் நடக்கிறது. ஒளியை நேரடியாகக் கேட்காத வினை என்ற பொருளில் வைத்த பெயர் அது. மாணவர்களை இவ்வளவு குழப்பும் பெயர் இந்தப் பாடத்தில் வேறில்லை. கால்வின் சுழற்சி என்றே சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: கரும்பும் மக்காச்சோளமும் கடும் வெயிலில் மற்ற பயிர்களை விட வேகமாக வளர்வது ஏன்?

பதில்: கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதிக்கு இரண்டு குறைகள் உண்டு. அது மிக மெதுவானது. வினாடிக்குச் சில மூலக்கூறுகளையே கையாளும். அதோடு, கார்பன் டைஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனையும் தவறிப் பிடித்துவிடும். அந்தப் பிழையைத் திருத்தத் தாவரம் ஏடிபியைச் செலவிட்டு, ஏற்கெனவே பிடித்த கார்பனில் ஒரு பகுதியையும் இழக்கிறது. வெப்பம் கூடும்போது பிழையும் கூடுகிறது. கரும்பிலும் மக்காச்சோளத்திலும் வேறொரு நொதி முதலில் கார்பனைப் பிடித்து நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட அமிலமாக்கி, இலை நரம்பைச் சூழ்ந்த உறைச் செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே அது மீண்டும் கார்பன் டைஆக்சைடாக விடுவிக்கப்படுவதால், ரூபிஸ்கோவைச் சுற்றி அதன் செறிவு மிகுந்து, பிழை பெரிதும் குறைகிறது. இதற்குக் கூடுதல் ஏடிபி செலவாகும். ஒளி மிகுந்த வெப்பமான சூழலில் அந்தச் செலவு கட்டுபடியாகிறது, குளிர்ந்த நிழலில் ஆவதில்லை.

கேள்வி: இரவில் மரத்தடியில் உறங்கினால் மரம் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடால் ஆபத்து என்கிறார்களே?

பதில்: மரம் இரவில் மட்டுமன்றிப் பகலிலும் சுவாசிக்கிறது. அதன் ஒவ்வோர் உயிர்ச்செல்லிலும் நம்முடையதைப் போன்ற மைட்டோகாண்டிரியா, அதாவது சுவாசம் நடக்கும் நுண்ணுறுப்புகள், உண்டு. பகலில் ஒளிச்சேர்க்கை அதை விஞ்சிவிடுவதால் சுவாசம் நமக்குத் தெரிவதில்லை. இரவில் வெளிவரும் வாயு திறந்தவெளியில் உடனே கலைந்துவிடும். மூடிய அறையில்கூட, ஒரு தொட்டிச் செடியை விட உடன் உறங்கும் மனிதர் வெளிவிடுவது பன்மடங்கு அதிகம். அச்சம் தேவையில்லை.

கேள்வி: ஏடிபியில் உள்ள “உயர் ஆற்றல் பிணைப்பு” உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது என்பது சரியா? ஒரு குளுக்கோசுக்கு 38 ஏடிபி என்பதும் 32 என்பதும் எதனால், ஐயா?

பதில்: எந்தப் பிணைப்பை உடைப்பதற்கும் ஆற்றல் தேவை, உடைவதால் ஆற்றல் பிறப்பதில்லை. ஏடிபி நீருடன் வினைபுரிந்து உருவாகும் பொருள்கள் அதைவிட நிலைத்தவை என்பதாலும், செல் தன் ஏடிபி அளவைச் சமநிலைக்கு வெகு தொலைவில் உயர்த்தியே வைத்திருப்பதாலும்தான் ஆற்றல் கிடைக்கிறது. தேக்கி வைக்கும் பொருளாகவும் அதைக் கருதக் கூடாது. எந்த நொடியிலும் நம் உடலில் இருக்கும் ஏடிபியைக் கிராம் கணக்கில்தான் சொல்ல முடியும். ஆனால் உடைந்து, மீண்டும் உருவாகி, ஒரு நாளில் பல பத்துக் கிலோகிராம் புழங்கிவிடுகிறது.

38 என்பது பழைய கணக்கு. மைட்டோகாண்டிரியாவில் உணவின் எலக்ட்ரான்கள் படியிறங்கி, புரோட்டான்களைத் தள்ளி, இலையில் கண்ட அதே வகை ஏடிபி சிந்தேஸைச் சுழற்றுகின்றன. புரோட்டான்களில் சில சவ்வின் வழியே கசிகின்றன, சில பொருள்களைக் கடத்துவதற்குச் செலவாகின்றன. அதனால் இன்று 30 முதல் 32 வரை என்று கொள்கிறோம். இறங்கி முடிந்த எலக்ட்ரானை ஏற்பது நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜன். அங்கே விளைவது நீர். இலையில் நீரிலிருந்து பறிக்கப்பட்ட எலக்ட்ரான் மீண்டும் நீருக்கே வந்து சேர்கிறது.

கேள்வி: உடல் எடை குறையும்போது கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையாகவா?

பதில்: பெரும்பகுதி மூச்சாக. 10 கிலோ கொழுப்பு முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால், அதன் அணுக்களில் ஏறத்தாழ 8.4 கிலோ கார்பன் டைஆக்சைடாக நுரையீரல் வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. வான் ஹெல்மான்டின் மரம் காற்றிலிருந்து எடை கூடிய அதே வழியில், எதிர்த்திசையில் நாம் எடை இழக்கிறோம்.

கேள்வி: மனிதத் தோலில் பச்சையம் இருந்தால் உணவில்லாமல் வாழலாமா?

பதில்: கணக்குப் போட்டுவிடலாம். வெயில் படும் தோல் 1 சதுர மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் விழுகிறது. ஆறு மணி நேரம் அசையாமல் நின்றால் 6000 வாட்-மணி. வயலில் நல்ல பயிர் எட்டும் திறன் 1 முதல் 2 விழுக்காடுதான். 2 என்றே கொண்டால் 120 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 100 கிலோகலோரி கிடைக்கும். ஒரு நாள் தேவை 2000 கிலோகலோரி என்றால் இது இருபதில் ஒரு பங்கு. நடமாடாத மரமே தன் பங்குக்கு ஆயிரக்கணக்கான இலைகளை விரித்து வைக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: தாமரைப் பூ தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் என்று படித்தேன். நம்பலாமா?

பதில்: நம்பலாம், அளந்து பார்த்திருக்கிறார்கள். மலரும் நாள்களில், சுற்றியுள்ள காற்று 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தாலும், பூவின் உள்வெப்பம் 30 டிகிரிக்கு மேலேயே நிற்கிறது. பூவின் நடுவிலுள்ள கூம்பு வடிவப் பகுதியின் மைட்டோகாண்டிரியாவில் எலக்ட்ரான்களுக்கு ஒரு குறுக்குவழி திறக்கிறது. வழக்கமான படிகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டி அவை நேரே ஆக்சிஜனைச் சேர்ந்துவிடுவதால், புரோட்டான் தேக்கம் குறைகிறது, ஏடிபியும் குறைகிறது. மாவுச்சத்தில் இருந்த ஆற்றல் அப்படியே வெப்பமாகிறது. காற்று குளிரக் குளிர இந்தச் சுவாசத்தின் வேகம் கூடுகிறது. அந்த வெப்பம் மணத்தைப் பரப்பவும், மகரந்தச் சேர்க்கைக்காக வந்து இரவில் இதழ்களுக்குள் தங்கும் வண்டுகளைக் கதகதப்பாக வைத்திருக்கவும் உதவுகிறது என்று கருதப்படுகிறது.