20 லிட்டர் தண்ணீர் அரை மணி நேரத்தில் கொதிக்குமா?

கேள்வி: தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் நாற்பது ஐம்பது பேருக்குத் தேநீர் போடுவதற்காக, 20 லிட்டர் கொள்ளும் மின்சார பாய்லர் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். கடையில் அதன்மேல் ஒட்டியிருந்த அட்டையில் ‘20 லிட்டர், 30 நிமிடத்தில் கொதிக்கும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். வீட்டில் நிரப்பி, மூடியும் போட்டு வைத்தால் 50 நிமிடம் ஆகிறது. அடியிலுள்ள தகட்டில் ‘220–240 வோல்ட், 2100–2500 வாட்’ என்று இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், எங்கள் வீட்டு மின்சாரம் பலவீனமாக இருக்கும் என்கிறார். பாய்லர் பழுதா? இதிலேயே பாலையும் காய்ச்சலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் பாய்லரில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. பொய் சொன்னது அந்த அட்டைதான். அதை ஒரு தாளும் பேனாவும் கொண்டே நிறுவிவிடலாம்.

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.19 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதைத்தான் தண்ணீரின் தன்வெப்பம் என்கிறோம். எந்தத் திரவத்தையும் சூடேற்றத் தேவைப்படும் வெப்பத்தைக் கணக்கிட, அதன் எடையைத் தன்வெப்பத்தால் பெருக்கி, எத்தனை டிகிரி உயர வேண்டுமோ அந்த எண்ணாலும் பெருக்கினால் போதும். 20 லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 20 கிலோ. நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் வருவதாக வைத்துக்கொண்டால், 100 டிகிரியை எட்ட இன்னும் 72 டிகிரி ஏற வேண்டும். இருபதை 4.19-ஆலும் 72-ஆலும் பெருக்கக் கிடைப்பது ஏறத்தாழ 6,030 கிலோஜூல்.

இனி நேரம். ஒரு கிலோவாட் என்பது நொடிக்கு ஒரு கிலோஜூல். அரை மணி நேரம் என்பது 1,800 நொடி; ஆகவே அட்டையில் சொன்னபடி கொதிக்க வேண்டுமானால், வெப்பம் சிறிதும் வெளியே போகாமலே 3.35 கிலோவாட் தேவை. நம் வீட்டுச் சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக் வழியாக 230 வோல்ட்டில் எடுக்கக்கூடியதோ 2,990 வாட்தான். அதாவது, அந்தப் பிளக்கில் செருகும் எந்த நிறுவனத்தின் பாய்லரும், எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும், 28 டிகிரித் தண்ணீர் 20 லிட்டரை 33 நிமிடத்துக்குள் கொதிக்க வைக்காது. கடைகளில் செய்து காட்டும்போது ‘இதோ, கொதித்துவிட்டது’ என்பார்கள். அப்போது உள்ளே எத்தனை லிட்டர் இருந்தது, ஊற்றும்போதே வெந்நீராக இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

தகட்டில் இரண்டு எண்கள் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே கம்பிச்சுருள் 220 வோல்ட்டில் 2,100 வாட்டும் 240 வோல்ட்டில் 2,500 வாட்டும் இழுக்கும்; விளம்பரத்தில் பெரிய எண்ணை மட்டும் போட்டுக்கொள்வார்கள். சிங்கப்பூரின் 230 வோல்ட்டில் உங்கள் பாய்லருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2,300 வாட். 6,030-ஐ 2.3-ஆல் வகுத்தால் 2,620 நொடி, அதாவது 44 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பாத்திரத்தின் எஃகும் சூடாக வேண்டும், சுவரும் மூடியும் வெப்பத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், 50 நிமிடம் முற்றிலும் நியாயமான நேரம். மின்சாரத்தின்மீது பழி போடும் கடைக்காரரின் வாதம் இங்கே நிற்காது: முழு 240 வோல்ட் கிடைத்து 2,500 வாட் இழுத்தாலும் 40 நிமிடம் ஆகியே தீரும்.

பின்னாளில் உண்மையாகவே பழுது வந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். சரியாக 10 லிட்டர் ஊற்றி, சமையலறை வெப்பமானியால் சூட்டைக் குறித்துக்கொண்டு, மூடியுடன் 10 நிமிடம் ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றியபின் நன்றாகக் கலக்கி மீண்டும் அளந்து பாருங்கள். 28-இல் தொடங்கிய தண்ணீர் 58 டிகிரிக்கு அருகில் இருந்தால் கவலையில்லை. 45-ஐத் தாண்டவில்லை என்றால் கம்பிச்சுருளிலோ வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியிலோ கோளாறு இருக்கக்கூடும்.

பணத்துக்கு வருவோம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதால் நீங்கள் பயனீட்டாளர். 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள ‘லெமன் சட்டம்’ உங்களுக்குப் பொருந்தும். பொருள், விற்றபோது தரப்பட்ட விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆறு மாதத்துக்குள் குறை தெரிய வந்தால், விற்றபோதே அக்குறை இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. அதே ரகத்தில் வேறொன்றைத் தந்தாலும் அதுவும் 50 நிமிடம்தான் எடுக்கும் என்பதால், விலைக் குறைப்போ பணத்தைத் திரும்பப் பெறுவதோதான் உங்களுக்குப் பயன்படும். அந்த அட்டையின் படத்தையும் ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் கடையில் எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்தையும், அதன்பின் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தையும் நாடலாம். வாய்வார்த்தையை மட்டும் நம்பி வாங்கியவர்களுக்கு, கடையில் என்ன சொன்னார்கள் என்பதை நிரூபிப்பது கடினமாகிவிடுகிறது. உங்கள் கையில் அச்சிட்ட அட்டை இருப்பது நல்லதாயிற்று.

பால் விஷயம்: பாலின் தன்வெப்பம் ஏறத்தாழ 3.9, ஆனால் லிட்டருக்குத் தண்ணீரைவிடச் சற்று எடை கூடுதல். ஆகவே, அதே அளவுக்குச் சூடேற்ற நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது. ஆயினும் இந்தப் பாய்லரில் பால் காய்ச்சாதீர்கள். கம்பிச்சுருள் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் வகையானால், பாலாடை அதன்மேல் பழுப்பாகப் படிந்து கருகிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை தேய்த்தாலும் அடுத்த தேநீரில் அந்தத் தீய்ந்த வாடை வரும். பாலைத் தனியே அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கொதித்தபிறகும் விருந்தினர் வரட்டும் என்று தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். ஒரு லிட்டரை 28-இலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோஜூல் போதும். அதே லிட்டர் ஆவியாகிப் போக 2,250 கிலோஜூலுக்கு மேல் செலவாகும். சூடு காக்கும் நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 1,500 வாட் கெட்டில் வாங்கினால் 2,200 வாட் கெட்டிலைவிடக் கட்டணம் குறையுமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: குறையாது. 1.7 லிட்டரைக் கொதிக்க வைக்க இரண்டுக்குமே ஏறக்குறைய 513 கிலோஜூல், அதாவது 0.14 யூனிட் வேண்டும். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் நான்கு காசு. பெரியது நான்கு நிமிடத்துக்குள் முடிக்கும், சிறியது ஆறு நிமிடத்தை நெருங்கும். அந்தக் கூடுதல் நேரத்தில் வீணாகும் வெப்பத்தால் சிறியதற்கே செலவு ஓரிம்மி கூடலாம். இரண்டு கோப்பைக்குக் கெட்டிலை முழுக்க நிரப்பாமல் இருந்தால் மிச்சமாவது அதைவிட அதிகம்.