அம்மாவுக்குப் பேரியம் எனிமா எக்ஸ்-ரே எடுத்த பிறகு மலம் வெள்ளையாகப் போகிறதே? நேற்றுக் காலைக்குப் பிறகு வெளிக்கே போகவும் இல்லை.

வெள்ளையாகப் போவதற்குப் பயப்பட வேண்டாம், அது எக்ஸ்-ரேயில் பெருங்குடல் தெளிவாகத் தெரிவதற்காக ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்திய பேரியம் சல்பேட் என்ற வெள்ளைக் குழம்புதான். இரண்டு மூன்று நாள் அப்படிப் போய், அப்புறம் பழைய நிறத்துக்கு வந்துவிடும். கவனிக்க வேண்டியது நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதை: நேற்றுக் காலைக்குப் பிறகு அம்மாவுக்கு வெளிக்கே போகவில்லை என்பதை.

பேரியம் சல்பேட் தண்ணீரில் கரையாது, உடம்பிலும் சேராது. ஆனால் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் போனதும் சுண்ணாம்பு மாதிரி இருக்கும் அந்தப் பேரியக் குழம்பு இறுகிவிடும். என் அப்பாவுக்கு எடுத்தபோது கழிப்பறைப் பீங்கானில் ஒட்டியதைக் கழுவவே இரண்டு வாளி தண்ணீர் பிடித்தது. உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

எக்ஸ்-ரே முடிந்ததிலிருந்து அம்மா எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பேதி மருந்து, பட்டினி என்று உடம்பு ஏற்கெனவே காய்ந்திருக்கும். களைப்பில் ஒன்றும் வேண்டாம் என்று படுத்திருப்பார். தண்ணீர், மோர், கஞ்சித் தண்ணீர் என்று அடிக்கடி கொடுங்கள். காற்றாவது பிரிகிறதா என்றும் கேளுங்கள்.

ஒன்று, சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். மலமிளக்கியும் அப்படித்தான். எக்ஸ்-ரே எடுத்த இடத்துக்கு இன்றே போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள். காற்றும் பிரியாமல் வயிறு வீங்கினாலோ, கடும் வலி, காய்ச்சல், ரத்தப்போக்கு எது இருந்தாலும் போன் எல்லாம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.