சேற்றுக்கால், சர்க்கரை, ஸ்டீராய்டு: கேள்வி பதில்

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வரும் தொற்றுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்தத் தடவை பதில். பெரும்பாலும் நடவுக் காலத்துக் கேள்விகள்தான்.

நீடாமங்கலத்திலிருந்து: அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை, டாக்டர். சம்பா நடவுக்குப் பிறகு மாலையானால் காய்ச்சல், இருமல், உடம்பும் இளைத்துவிட்டது. சளியில் டிபி கிருமி இல்லை என்கிறார்கள், ஆனாலும் டிபி மாத்திரை ஓடுகிறது. ஒரு மாதமாகியும் காய்ச்சல் விடவில்லை.

தம்பி, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் 'மெலியோய்டோசிஸ் இருக்குமா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் நோய் அது. காலில் ஒரு கீறல் போதும், கிருமி உள்ளே போய்விடும்; மழைக்காற்றில் மூச்சு வழியாகவும் போகும். சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. குடி, சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் ஆபத்துதான். நுரையீரலில் டிபி மாதிரியே வேஷம் போடும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும்.

இது புது நோயில்லை. 1912இலேயே பர்மாவின் ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு டாக்டர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். நம் பக்கம் கோட்டை விடுவது பரிசோதனையில்தான். ரத்தத்தையோ சீழையோ கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பும்போது 'வயலில் இறங்குகிறவர், சர்க்கரை உண்டு' என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏதோ சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. மெலியோய்டோசிஸ்தான் என்று தெரிந்தால் குறைந்தது பத்து, பதினான்கு நாள் ஊசி, அப்புறம் மூன்று மாதமாவது மாத்திரை. காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

மன்னார்குடியிலிருந்து: மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் மடித்துத் தரும் மாத்திரை ஒரு வருடமாகப் போடுகிறேன். வலியே இல்லை. முகம் மட்டும் உப்பியிருக்கிறது.

'நல்லா சதை போட்டிருக்கே' என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்களே? அந்தப் பொட்டலத்தில், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து இருக்க வாய்ப்பு அதிகம். சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்படி குறைத்துக்கொண்டே வர வேண்டும். இன்னொன்று, வெறுங்காலில் மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு, வருடக்கணக்கில் குடலில் சத்தமில்லாமல் கிடக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனால் அது பெருகி உடம்பெங்கும் பரவும், உயிருக்கே ஆபத்தாகும். மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பாபநாசத்திலிருந்து: வீட்டுக்காரருக்குப் புற்றுநோய்க்கான கீமோ நடக்கிறது. ராத்திரி காய்ச்சல் வந்தால் விடியும் வரை பார்க்கலாமா?

கூடாதும்மா. 100.4 டிகிரியைத் தொட்டால் அந்த நேரமே கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

திருவாரூரிலிருந்து: சிறுநீரகம் மாற்றியவர் மாடு வளர்க்கலாமா?

மாட்டைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். சாணம் அள்ளுவது, வைக்கோல் போரிலிருந்து பிடுங்கிப் போடுவதெல்லாம் வேறொருவர் செய்யட்டும். அந்தத் தூசியில் பூஞ்சை வித்துகள் பறக்கும். பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

ஒரத்தநாட்டிலிருந்து: சர்க்கரைக்காரர் பூட்ஸ் போட்டுத்தான் நடவு நட வேண்டுமா?

போட்டால் நல்லதுதான். ஆனால் முழங்கால் தொளியில் பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் வெளியே வரும், நானும் பார்த்திருக்கிறேன். அதனால் முடிந்ததைச் சொல்கிறேன். கரையேறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்து வைக்கிறவர்களை நான் திட்டுவதில்லை. ஆனால் புண் ஆறும் வரை வரப்பில் நின்று வேலை வாங்குங்கள், வயலில் இறங்க வேண்டாம்.